பாக்குமரமும் பதினான்கு முனை விண்மீனும்: அரசுச் சின்னங்களை வாசிக்கும் முறை



அரசுச் சின்னங்களைப் பற்றி மொழியியலார் பேசுவது ஏன் என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். அது வரலாற்றாசிரியருக்கும் ஓவியருக்கும் உரிய துறை என்று கருதுவது இயல்பே. ஆயினும் அரசுச் சின்னம் என்பது ஓவிய வடிவில் அமைந்த ஒரு பனுவல். அதற்குச் சொற்கள் உண்டு. அச்சொற்களைத் தொடுக்கும் முறை உண்டு. காலம் செல்லச் செல்ல உருவம் மாறாமல் பொருள் மாறுவதும், பொருள் மாறாமல் உருவம் மாறுவதும் அதற்கு உண்டு. இவை யாவும் மொழிக்கு உரிய இயல்புகள். ஆதலின் சின்னத்தைப் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு. நம் கடப்பிதழின் அட்டையிலும் அமைச்சுகளின் கடிதத்தாளிலும் நாள்தோறும் பார்க்கும் ஒன்றை இன்று நாம் வாசிக்க முயல்வோம்.

முதலில் பெயர்களைக் காண்போம். தமிழில் இதற்குப் பழைய சொல் ‘பொறி’ என்பது. வில்லும் கயலும் புலியும் மூவேந்தரின் பொறிகள். கல்லிலும் செம்பிலும் அழுத்திச் செதுக்குதலைப் ‘பொறித்தல்’ என்கிறோம். செயலின் பெயரே பொருளுக்கும் ஆயிற்று. வடமொழியின் ‘லாஞ்சனம்’ தமிழில் ‘இலச்சினை’ ஆயிற்று. மலேசியத் தமிழர் ‘தேசியச் சின்னம்’ என எழுதுகிறோம். தேசிய மொழியில் அது ‘ஜாத்தா நெகாரா’. இந்த ‘நெகாரா’ வடமொழி ‘நகர’ என்பதிலிருந்து வந்தது. தமிழில் ‘நகரம்’ ஊரளவில் நின்றுவிட, மலாய் மொழியில் அது நாடு என்னும் பொருளுக்கு விரிந்தது. ‘நெகிரி செம்பிலான்’ என்பதன் முதற்சொல்லும் அதே குடும்பத்தது. ஒரே வேர் இரண்டு நிலங்களில் இரண்டு அளவுகளில் வளர்ந்திருக்கிறது.

சின்னங்களைச் சேர்த்துத் தொடுக்கும் கலை ஐரோப்பியப் போர்வீரர்களின் கேடயத்திலிருந்து மட்டுமே பிறந்தது என்று பாடநூல்கள் எழுதுகின்றன. நம் மாணவர்களும் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். முதலாம் இராசேந்திரன் காலத்துச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அமர்ந்த நிலையில் புலி, அதன் பக்கத்தில் இரு கயல்கள், வில், மேலே குடை, இருபுறமும் கவரிகள் அங்கே உள்ளன. புலி சோழனுடையது, கயல் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. மூன்றும் ஒரே வட்டத்துள், ஒரே குடையின் கீழ் உள்ளன. எழுத்தின்றியே ஒரு வாக்கியம் அங்கு முற்றுப்பெற்றுவிடுகிறது. எழுவாய் யார், ஆட்பட்டவர் யார் என்பதை அமைப்பே கூறுகிறது. பகுதிகளின் குறிகளை ஒரு சட்டத்துள் அடக்கி முழுமையைக் குறிப்பதுதான் பின்னாளில் கூட்டாட்சி நாடுகள் பலவும் கையாண்ட இலக்கணம். நோக்கம் வேறு: சோழன் முத்திரை வெற்றியைச் சொல்வது, கூட்டாட்சிச் சின்னம் உடன்பாட்டைச் சொல்வது. தொடரமைப்போ ஒன்று.

இதை இந்தப் பினாங்கு அவையில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘லெய்டன் செப்பேடுகள்’ எனப் பெயர் பெற்றவற்றுள் பெரியது, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்ததைக் கூறுகிறது. கடாரம் என்பது நம் எதிர்க்கரையில் உள்ள கெடா. அந்த இராசேந்திரனே 1025ஆம் ஆண்டளவில் அக்கடாரத்தின்மீது படைநடத்தினான் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. கொடையும் படையும் ஒரே கடலைக் கடந்து வந்தவை.

மரத்தையும் பூவையும் குறியாக்குவதும் நமக்குப் புதிதன்று. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி என்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியலே சுட்டுகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பூவும் மரமும் நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் பெயராயின. ஒவ்வோர் அரசனுக்கும் காவல்மரம் இருந்தது. பகைவன் அதை வெட்டினால் நாட்டையே வெட்டியதாகக் கொண்டனர். மரம் வெறும் மரமாக இராமல் ஓர் அரசின் பெயர்ச்சொல்லாக நின்ற மரபு அது. இம்மரபை அறிந்தவர்க்குப் பினாங்கின் சின்னத்தை வாசிப்பது எளிது.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றி இதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். அரசாங்கத் தாள்களில் அப்பெயர் நெடுங்காலம் நின்றது. மக்கள் நாவிலோ புலாவ் பினாங், அதாவது பாக்குத்தீவு என்பதே நிலைத்தது. 1911இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வழங்கப்பெற்ற சின்னத்தின் நான்கு கட்டங்களுள் ஒன்று பினாங்கிற்கு உரியது. அதில் வரைந்தது பாக்குமரமே. 1949இல் பினாங்கிற்குத் தனிச் சின்னம் வழங்கப்பெற்றபோது கேடயத்தில் வேல்ஸ் இளவரசரின் மூன்று இறகுகள் இடம்பெற்றன. பாக்குமரம் கேடயத்தின் மேலே முடியாக நின்றது. இரண்டு பெயர்களும் ஒரே ஓவியத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற நிலை அது. பின்னர் இறகுகள் நீங்கின, மரம் நின்றது. 1985இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்துத் திறக்கப்பெற்ற, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் கேடயத்தில் ஏறியது. இன்று தேசியச் சின்னத்தின் இடப்பகுதியிலும் மரமும் பாலமும் சேர்ந்தே நிற்கின்றன.

ஓர் ஊரின் பெயரை ஒலிக்காமல் அப்பெயருக்குரிய பொருளை வரைந்து காட்டும் சின்னத்தைப் பெயர் பேசும் சின்னம் எனலாம். பினாங்கின் பாக்குமரம் அத்தகையது. மரத்தைப் பார்த்தவுடன் மலாய் அறிந்தவர் நாவில் ‘பினாங்’ என்னும் சொல் எழுகிறது. சொல் எழுந்தவுடன் தீவு தோன்றுகிறது. பாலம் அப்படிப்பட்டதன்று. அது பெயரைச் சொல்லாது. ஒரு காலத்துச் சாதனையைச் சொல்லும். 2014இல் இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. சின்னத்திலிருப்பது எந்தப் பாலம் என்று விளக்க வேண்டிய நிலை ஏற்கெனவே உண்டாகிவிட்டது. மரத்திற்கு அந்த இடர் இல்லை. என் தனிக்கருத்தைக் கேட்டால், சின்னத்தில் பொறியியலைச் சேர்ப்பதில் எனக்குப் பெரிய விருப்பமில்லை. பாலங்கள் பழையனவாகும், பாக்குமரம் ஆண்டுதோறும் காய்க்கும்.

பாக்கைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். தமிழில் பாக்கு, கமுகு என்பவற்றோடு ‘அடைக்காய்’ என்றும் ஒரு சொல் உண்டு. அடை என்பது இலை. இலையோடு சேர்த்து மெல்லும் காய் அடைக்காய். மலையாளத்தில் அது ‘அடக்க’ என ஒலிக்கும். மேலைக் கடற்கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் அச்சொல்லை எடுத்துச்சென்று ‘அரேக்கா’ ஆக்கினர். அவர்களிடமிருந்து அது ஆங்கிலத்திற்குப் போயிற்று. தாவரவியலார் அம்மரத்திற்கு இட்ட இலத்தீன் பெயரிலும் ஏறிற்று. வெற்றிலையும் இவ்வாறே ‘பீட்டல்’ ஆயிற்று. அங்ஙனமாயின், 1911ஆம் ஆண்டுச் சின்னத்தை ஆங்கில அதிகாரிகள் ஏட்டில் விவரித்தபோது, அறியாமலே ஒரு திராவிடச் சொல்லால் விவரித்தனர். மலாயில் பினாங், ஆங்கிலத்தில் அரேக்கா. மரம் ஒன்று, அதன் பெயர்களுள் ஒன்று நம் கரையிலிருந்து உலகைச் சுற்றிக்கொண்டு இத்தீவுக்கு வந்தது.

பண்பாட்டிலும் இணை உண்டு. மலாயில் பெண் கேட்டலுக்கு ‘மெமினாங்’ என்பது வினைச்சொல். பினாங் என்னும் பெயருக்கு முன்னொட்டு இட்டுப் பிறந்தது. பாக்கு கொண்டுசெல்வதே பெண் கேட்பதாயிற்று. நாமும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம். தாம்பூலம் மாற்றி மணவுறுதி செய்கிறோம். பொருத்தமான இணையரைப் பிளந்த பாக்கின் இரு பாதிகளுக்கு ஒப்பிடுவது மலாய்ப் பழமொழி. இத்தனை பொருள்களையும் சுமந்து கொண்டுதான் அச்சிறுமரம் சின்னத்தில் நிற்கிறது. வெறுமனே ‘பினாங்கு மாநிலத்தைக் குறிக்கிறது’ என்று பயிற்சிநூலில் ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுவது அம்மரத்திற்கும் மாணவனுக்கும் செய்யும் குறைவு.

இனித் தேசியச் சின்னத்தின் கேடயம். மேல்வரிசையில் ஐந்து கெரிஸ்கள். முன்னாளில் கூட்டுச் சேராதிருந்த ஜோகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய ஐந்து மாநிலங்கள் அவை. இங்கே எண்ணிக்கைதான் பொருள். இன்ன கெரிஸ் இன்ன மாநிலம் என்று கேட்கக் கூடாது. வலப்புறத்தில் மலாக்காவுக்கு உரிய மரம். கீழே சபா, சரவாக் இரண்டும் இரு பக்கமும் நிற்க நடுவே செம்பருத்தி. கேடயத்தை இரு புலிகள் தாங்குகின்றன. அவை பழைய கூட்டு மலாய் மாநிலங்களின் சின்னத்திலிருந்து வந்தவை.

நடுவில் உள்ள நான்கு நிறங்கள் மிக நுட்பமானவை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என நான்கு பட்டைகள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என நான்கு மாநிலங்கள். நான்குக்கு நான்கு என்று கண்டவுடன் பட்டைக்கு ஒரு மாநிலம் எனப் பலரும் முடிவுகட்டிவிடுகின்றனர். அது தவறு. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் சிலாங்கூர். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் பகாங். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றும் பேராக். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் மூன்றும் நெகிரி செம்பிலான். தனியொரு நிறத்திற்கு இங்கே பொருளில்லை, சேர்க்கைக்கே பொருள்.

மாணவர்களே, இது நீங்கள் எழுத்திலக்கணத்தில் படிப்பதுதான். ‘க்’ என்பதற்குப் பொருள் உண்டா? இல்லை. ‘அ’, ‘ல்’ ஆகியவற்றோடு கூடிக் ‘கல்’ ஆனபின்தான் பொருள். பொருளற்ற சில ஒலிகள் கூடிப் பொருளுள்ள பல சொற்களை ஆக்குவதே மனித மொழியின் தனிச்சிறப்பு என்பர் மொழியியலார். தெருவிலுள்ள போக்குவரத்து விளக்கில் சிவப்புக்கு ஒரு பொருள், பச்சைக்கு ஒரு பொருள். அது அவ்வளவில் நின்றுவிடும். நம் தேசியச் சின்னத்தின் நடுப்பகுதியோ எழுத்துப் போல் இயங்குகிறது. கூட்டு மலாய் மாநிலங்களின் கொடியிலேயே இந்நான்கு நிறங்களும் பட்டைகளாக இருந்தன. அதை அமைத்தவர் மொழியியல் பயின்றிருக்க மாட்டார். ஆனால் நான்கு நிறத்தில் நான்கு மாநிலத்தை அடக்கும் சிக்கனம் அவர் கைக்கு வந்திருக்கிறது.

அடுத்து விண்மீன். மலாயாக் கூட்டமைப்பின் காலத்தில் அதற்குப் பதினொரு முனைகள், பதினொரு மாநிலங்கள். 1963இல் மலேசியா அமைந்தபோது சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்தன, முனைகள் பதினான்காயின. கேடயத்தின் கீழ்ப்பகுதியிலும் மூன்றுக்கும் இடம் தந்தனர். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. அப்போது என்ன நிகழ்ந்தது என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். கேடயத்தில் சிங்கப்பூரின் இடம் மாற்றப்பட்டு, 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பெற்ற செம்பருத்தி அங்கே மலர்ந்தது. விண்மீனிலோ ஒரு முனையும் குறையவில்லை. பதினான்காவது முனை கூட்டரசுக்கு உரியது என விளக்கம் பெற்றது. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானபின் அவ்விளக்கம் இன்னும் உறுதிப்பட்டது. ஓரிடத்தில் உருவம் மாறியது. மற்றோரிடத்தில் உருவம் நிற்கப் பொருள் மாறியது. ‘நாற்றம்’ என்ற சொல் முன்பு நறுமணத்தையும் குறித்தது. இன்று எழுத்து மாறாமல் பொருள் திரிந்துவிட்டது. பதினான்காம் முனையும் அவ்வகை.

வரலாற்றுத் திருப்பங்களில் நாடுகள் இவ்விரு வழிகளையும் கையாளும் என்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. அது சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த பதினைந்து குடியரசுகள். அந்நாள்களில் அக்குடியரசுகளின் சின்னங்கள் யாவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. அரிவாளும் சுத்தியலும், கதிர்மாலை, சிவப்பு நாடா ஆகியவை பொதுச்சொற்கள். உள்ளூர்ச் சொல்லுக்கு ஒரு சிறிய இடம் தரப்பட்டது: உஸ்பெக்கிஸ்தானுக்குப் பருத்தி, ஆர்மேனியாவுக்குத் திராட்சையும் அராரத்து மலையும். அராரத்து மலை துருக்கியின் எல்லைக்குள் இருப்பது. தம் மலையை எப்படி வரையலாம் என்று துருக்கியர் கேட்டதாகவும், உங்கள் கொடியில் உள்ள பிறைநிலா உங்களுடையதா என்று சோவியத் தரப்பு திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, கோட்பாடு சரியானது. குறிப்பது வேறு, உடைமை கொள்வது வேறு. இதைச் சற்று நினைவில் வையுங்கள். பின்னர் நமக்கே தேவைப்படும்.

ஒன்றியம் கலைந்தபின் பெலாரஸ் ஒரு வழி சென்றது. 1991இல் குதிரைவீரன் பொறித்த பழஞ்சின்னத்தை மீட்டது. 1995இல் அதை விடுத்து, சோவியத் காலச் சின்னத்தின் கட்டமைப்புக்கே திரும்பியது. அரிவாள் சுத்தியலின் இடத்தில் நாட்டின் எல்லைக்கோட்டு வடிவம் அமர்ந்தது. கதிரும் கதிரவனும் விண்மீனும் நின்றன. பழைய வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியது போன்றது இது.

கஜகஸ்தான் மறுவழி சென்றது. 1992 ஜூன் 4இல் ஏற்ற அதன் சின்னத்தில் அரிவாளும் இல்லை, கதிரும் இல்லை. நடுவே ‘ஷாங்கிராக்’. மேய்ச்சல்நில மக்களின் வட்டக்கூடாரத்திற்கு உச்சியில் அமையும் மரவளையம் அது. புகை வெளியேறுவதும் ஒளி நுழைவதும் அவ்வழியே. கூடாரத்தின் கம்புகள் எல்லாப் பக்கமிருந்தும் வந்து அதில் செருகப்படும். துணி கிழிந்தால் மாற்றுவர். கம்பு ஒடிந்தால் மாற்றுவர். ஷாங்கிராக்கைத் தந்தையிடமிருந்து மகன் பெறுவான். ஆதலின் அம்மொழியில் அச்சொல் குடும்பத்தையே குறிக்கும். நாம் ‘குலவிளக்கு’, ‘அடுப்படி’, ‘கூரை’ என்பனவற்றால் வீட்டைக் குறிப்பதுபோல. அதன் இருபுறமும் சிறகுள்ள குதிரைகள். வயலை உழுதவர் சின்னத்தை நீக்கி, கூடாரத்தோடு இடம்பெயர்ந்தவர் சின்னத்தை வைத்தது வெறும் அழகியல் மாற்றமன்று. யாருடைய நினைவை நாட்டின் நினைவாகக் கொள்வது என்ற வினாவுக்கு அது விடை.

மொழிக்காரர்கள் கவனிக்க வேண்டியது அச்சின்னத்தின் அடியில் உள்ள ஒற்றைச்சொல்: நாட்டின் பெயர். 1992இல் அது சிரிலிக் எழுத்தில் இருந்தது. 2018இல் அதே பெயர் இலத்தீன் எழுத்துக்கு மாறியது. கஜக் மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1929இல் இலத்தீனுக்கும், 1940இல் சிரிலிக்கிற்கும் மாற்றப்பட்டது. இப்போது மீண்டும் இலத்தீனை நோக்கிச் செல்கிறது. நூறாண்டுக்குள் இத்தனை மாற்றம். பேரன் எழுதியதைப் பாட்டனாலும், பாட்டன் எழுதியதைப் பேரனாலும் படிக்க முடியாத வீடுகள் அங்கே இருந்திருக்கும். சின்னத்தின் அடியில் மாறிய சில எழுத்துகளுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய செய்தி இருக்கிறது.

ஒன்றியத்தின் பெருஞ்சின்னத்தில் மொழிகள் எண்ணிக்கையாகவே நின்றன. உலகத் தொழிலாளரை ஒன்றுபட அழைக்கும் ஒரே முழக்கம், 1923இல் ஆறு மொழிகளில். 1956க்குப் பின் பதினைந்து மொழிகளில், மொழிக்கு ஒரு நாடாச் சுற்றாக எழுதப்பட்டது. பார்ப்பதற்கு அது மொழிச் சமன்மையின் உருவம். நடைமுறையில் ஆட்சியும் உயர்கல்வியும் பெரிதும் உருசிய மொழியிலேயே நடந்தன. சின்னத்தில் இடம் பெறுவது ஆட்சியில் இடம் பெறுவதற்கு உறுதியன்று.

இப்போது நம் மாணவர் சிலர் கேட்கும் வினாவுக்கு வருகிறேன். தேசியச் சின்னத்தில் தமிழர் எங்கே என்பது அவ்வினா. அதைக் கேட்கும் பிள்ளையை அதட்டக் கூடாது. அது நேர்மையான வினா. முதல் விடை இலக்கணத்தைப் பற்றியது. நம் தேசியச் சின்னத்தின் சொற்கள் மாநிலங்கள், இனங்கள் அல்ல. சீனர் எங்கே, கடசான் எங்கே என்றும் அதனிடம் கேட்க இயலாது. அதன் இலக்கணத்தில் அவ்வேற்றுமைக்கு உருபு இல்லை. பினாங்கில் பிறந்த தமிழ்க் குழந்தை பாக்குமரத்துள் இருக்கிறது, பினாங்கில் பிறந்த எவரையும் போல.

இரண்டாவது, தமிழ் எழுத்து சின்னத்தோடு சேர்ந்த இடங்களைப் பார்ப்பது. தமிழ்நாட்டரசின் சின்னத்தில் கோபுரமும், மேலே அரசின் பெயரும், கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்பதும் தமிழில் உள்ளன. அக்கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்பது பரவலான கருத்து. மதுரை மேலைக் கோபுரம் என்பாரும் உளர். சின்னம் என்ற அளவில் அது தமிழகக் கோபுரம்; ஓர் ஊருக்கு மட்டும் உரியதாக்க முனைவது எனக்குத் தேவையற்றதாகத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் 1985 முதல் வெளிவந்த நாணயங்களில் அரசுச் சின்னத்தைச் சூழ்ந்து நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் உள்ளது. தமிழும் அதில் ஒன்று. இலங்கையில் 1954இன் சின்னத்தின் அடியில் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. சின்னத்தில் தமிழ் எழுத்து அப்போதும் நின்றது. 1972இல் வந்த புதிய சின்னத்தில் சிங்கமும் தாமரையிதழும் நெற்கதிரும் பூரணகும்பமும் உண்டு. எழுத்து எம்மொழியிலும் இல்லை. எழுத்து நின்ற காலத்தில் தமிழ் காக்கப்பட்டதா என்பதை அவ்வாண்டுகளின் வரலாற்றைப் படித்தவர் அறிவர்.

மூன்றாவது, எழுத்தாக அன்றிச் சொல்லாகத் தேடுவது. மலாக்காவின் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் ‘போக்கோக் மெலாக்கா’. பரமேசுவரன் அம்மரத்தடியில் ஓய்ந்திருந்தபோது சிறுமான் ஒன்று வேட்டைநாயை உதைத்துத் தள்ளியதைக் கண்டு அங்கேயே நகரமைத்தான் என்பது கதை. அம்மரம் வேறெதுவுமன்று, நம் நெல்லி. அதியமான் ஔவைக்கு ஈந்த கனியின் இனம். வடமொழியின் ‘ஆமலகம்’ என்பதோடு மலாய்ப் பெயரை அறிஞர் தொடர்புபடுத்துவர். கேடயத்தின் ஒருபுறம் பாக்கு, மறுபுறம் நெல்லி. நம் வீட்டுத் தாம்பூலத்தட்டும் ஊறுகாய்ச் சாடியும் அங்கே இருக்கின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கையாக மட்டுமே. அம்மரங்கள் இம்மண்ணிலும் இயற்கையாக வளர்பவை. நமக்கே உரியன என்று கொள்ள வழியில்லை.

நாடாவில் எழுதிய வாசகம் இன்னும் சுவையானது. விடுதலைக்கு முன் அது ஆங்கிலத்தில் ஒற்றுமையே வலிமை என்ற பொருளில் இருந்தது. இப்போது ரூமியிலும் ஜாவியிலும் ‘பெர்செகுத்து பெர்தம்பா மூத்து’ என்றுள்ளது. ஒன்றுகூடினால் தரம் உயரும் என்று பெயர்க்கலாம். ஒரே மொழி, இரண்டு எழுத்து. கஜகஸ்தான் அடுத்தடுத்து மாற்றிக்கொண்டதை நம் நாடாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

‘செகுத்து’ என்பதைச் ‘செ’ என்னும் முன்னொட்டும் ‘குத்து’ என்னும் அடியும் எனப் பிரிப்பர். அவ்வடி தமிழ்க் ‘கூட்டு’ என்பது பழைய மலாய் அகராதியாளர் கருத்து. ஒலிமுறை இதற்கு இடந்தருகிறது. தமிழின் இரட்டித்த டகரம் மலாயில் ஒற்றைத் தகர ஒலியாவது வழக்கம்: கட்டில் ‘காத்தில்’ ஆயிற்று, பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. கூட்டும் அவ்வாறே. சீட்டுப் பிடித்தலை இன்றும் மலாயில் ‘மாயின் கூத்து’ என்கின்றனர். அதைத் தடைசெய்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே ‘கூட்டு’ நம் ஒலியோடு நிற்கிறது.

‘மூத்து’ சற்றுக் கடினமானது. முத்து என்பதோடு இணைப்பார் உளர். ஒலி நெருக்கம், பொருள் தொலைவு. பொன்னின் தரத்தைக் குறிக்கும் ‘மாற்று’ என்பதோடு இணைப்பது பொருளுக்கு மிகப் பொருந்தும். பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோம். பழைய மலாயிலும் பத்து மூத்து என்றால் தூய பொன். பேச்சில் மாற்று ‘மாத்து’ ஆவதையும் அறிவோம். ஆகாரம் ஏன் உகரமாயிற்று என்பது விளக்கப்பட வேண்டிய இடர். அவ்விடரை மறைத்துவிட்டு, தேசியச் சின்னத்தின் வாசகமே தமிழ்தான் என்று மேடையில் முழங்கினால் கைத்தட்டல் கிடைக்கும், ஆய்வு நின்றுவிடும். கடன் வாங்கிய சொல் வாங்கியவர் மொழியின் சொல். அரராத்தை வரைந்தவருக்கு மலை உரிமையாகாததுபோல, சொல்லைக் கொடுத்தவருக்கு வாசகம் உரிமையாகாது. ஆனால் பொற்கொல்லரும் வணிகரும் இத்துறைமுகங்களில் அருகருகே அமர்ந்து பொன்னை உரைத்துப் பார்த்த ஒரு காலம் அச்சொல்லுக்குள் இருக்கக்கூடும் என்பதை வகுப்பில் சொல்வதற்கு யாரும் தடையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பாடத்தை நடத்துகையில் விடைகளை எழுதிப்போடாமல், சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என நான்கு வண்ணத் தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, நான்கு மாநிலக் கொடிகளையும் அவர்களே சேர்த்துக் காணச் செய்யுங்கள். பதினான்காம் முனை எதைக் குறிக்கிறது என்பதை அதன்பின் கேளுங்கள்.